ஆறாம் படத்தில் இருந்த கால்

2005-ம் வருடம், ஜூன் மாதக் கடைசி. மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில் ஒரு மருத்துவ முகாமுக்காகப் பந்தல் போட்டிருந்தார்கள். காலை பத்து மணி வெயிலில், கூடப்பிறந்த அக்காவிடம் கெஞ்சி வாங்கிய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு அந்தப் பந்தலுக்குள் நுழைந்தேன். மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள் என்ற நினைப்பு எனக்கு. அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். அப்போது நான் முதுகலை கடைசி வருடம். பிரம்மதேசம் கிராமத்தில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், அதனால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் பாதங்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியும் மார்ச்சும் முதல் பஸ்ஸைப் பிடித்து மரக்காணம் போவேன். பாத்தி பாத்தியாகச் சுற்றி, உப்புத் தண்ணீரில் நின்று வெடித்துப்போன கால்களைப் பார்ப்பேன், கேள்வி கேட்பேன், நோட்டில் எழுதுவேன்.

அங்கே பழக்கமானவர்தான் நான் அக்கா என்று கூப்பிட்ட உப்பளத் தொழிலாளி ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தன் நாத்தனாரோடு ஜோடி சேர்ந்து உப்பு சுமப்பார். உப்பு நிரம்பிய கூடையை எவராலும் தானாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒருத்தி உப்பைக் குவிக்கும் கரைமேட்டில் கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மற்றவள் தன் கூடையை நிரப்பி வைத்திருப்பாள். திரும்பியவள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட, இவள் கிளம்புவாள். நாள் முழுக்க இப்படித்தான். ஜோடி இல்லாதவளுக்கு அங்கே வேலை இல்லை. இவர்கள் இருவரும் பத்து வருட ஜோடி, பேசிக்கொள்ளாமலே கூடை ஏறும்.

அந்த அக்காவின் கால் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. குதிகாலிலும் ஓரத்திலும் வெடித்து வெள்ளை பூத்திருக்கும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சிவப்பு சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, உள்ளே மஞ்சள் புடவைக் கிழிசலை வைத்து, பாதத்தின் நடுவில் மாட்டிக்கொள்வார். உப்பு குத்தாது. மற்றவர்கள் பழைய சாக்ஸ், கோணித்துணி என்று எதையாவது சுற்றிக்கொள்வார்கள். டியூப் மாட்டியவர் அந்த அளத்திலேயே இவர் ஒருவர்தான்.

படம் எடுக்கலாமா என்று கேட்டபோது யோசித்தார். “மூஞ்சி மட்டும் வேணாம் பாப்பா. காலுன்னா எடுத்துக்க. காலைப் பாத்து யாருக்கு அடையாளம் தெரியப்போவுது” என்று சிரித்தார். இரவல் கேமராவில் ஃபிலிமை எண்ணி எண்ணி எடுத்த படங்களில் அது ஒன்று.

அந்தப் பெண்களுக்கு இருந்த பெரிய மனக்கஷ்டம் வலிகூட இல்லை. வெடித்த காலைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் தொழுநோய் என்று ஒதுங்குவதுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஆகவே, இது வேறு, அது வேறு என்று காட்ட ஆய்வேட்டில் ஒரு பகுதி எழுதினேன். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு படம். ஆறாம் படம் தொழுநோயால் பாதிக்கப்பட்ட பாதம். ஏழாம் படம் உப்பினால் வெடித்த பாதம். ஏழாவதுக்கு அக்காவின் கால் இருந்தது. ஆறாவதுக்கு எங்கே போவேன்? எங்கள் துறை நூலகத்தில் ஒரு சீனியரின் பழைய ஆய்வேடு கிடந்தது. அதில் விரல்கள் மழுங்கிப்போன ஒரு காலின் படம். ஸ்டுடியோவில் கொடுத்து அதைத் திரும்பப் படமெடுத்து, ஐந்து பிரின்ட் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை, எங்கும் குறிப்பிடவும் இல்லை.

எங்கள் கைடு இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர். அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே, ஆதாரம் இரண்டுக்கும் அடியில் என்பார். போட்டோவின் முதுகில் பென்சிலால் எண், எடுத்த இடம், எடுத்தவர் எல்லாம் எழுதணும் என்பார். வாரம் தவறாமல் சொல்வார். நாங்கள் அவருக்கு ‘ஆதாரம் சார்’ என்று பேர் வைத்திருந்தோம். அவர் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சிரித்ததில் நான்தான் முதல்.

டைப் அடித்துக்கொடுத்த டி.டி.பி. அண்ணன், படத்துக்கெல்லாம் அடியில் என்ன போடணும் என்று கேட்டார். அட்டவணை எல்லாவற்றின் அடியிலும் ‘ஆதாரம்: கள ஆய்வு, மரக்காணம்’ என்றுதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுங்கள் என்றேன். அவருக்கும் சுலபம், எனக்கும் சுலபம். கைடு ஆறாம் படத்தைப் பார்த்து, “இது எங்கம்மா எடுத்தது?” என்றார். “அளத்துலதான் சார்” என்றேன். நாக்கு கூசவில்லை. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அந்தக் காலத்தில் ஆய்வேட்டில் படங்களைக் கையால்தான் ஒட்டுவோம். பக்கத்தில் கட்டம் போட்டு, கீழே தலைப்பு அடித்து, கட்டம் காலியாக இருக்கும். ஐந்து பிரதி. நான்கை வீட்டில் பொறுமையாக ஒட்டினேன். ஐந்தாவதை பைண்டிங் கடை மேஜையோரம் நின்றுகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பசை காயக்காய ஒட்டினேன். ஆறும் ஏழும் ஒரே சைஸ் படம், முதுகில் பென்சில் எண் கிடையாது. ஒட்டிய படத்தைத் திரும்பக்கூடப் பார்க்காமல் கவிழ்த்து அடுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஆய்வேடு சமர்ப்பித்து, வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக முடிந்தது. சுனாமி வந்துபோய் ஆறு மாதம்கூட ஆகாத சமயம். கடலோரத்தில் எங்கு பார்த்தாலும் தொண்டு நிறுவனங்களின் வண்டிகள். அதில் ஒரு நிறுவனம் உப்பளத்துப் பெண்களுக்கு மருத்துவ முகாம் நடத்தப்போவதாகக் கேள்விப்பட்டு, நானே போய் என் ஐந்தாவது பிரதியைக் கொடுத்தேன். அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, இதிலிருந்து பெரிய போர்டுகள் செய்யப்போகிறோம், முகாமுக்கு அவசியம் வாங்க என்றார்கள். வீட்டில் இரண்டு நாள் அதே பேச்சுதான்.

இப்போது பந்தலுக்கு வருகிறேன். உள்ளே வரிசையாகப் போர்டுகள் கட்டியிருந்தார்கள். விளம்பரத்துக்காக மூன்று நாள் முன்பே கட்டிவிட்டார்களாம். என் படங்கள் ஆள் உயரத்துக்குப் பெரிதாகியிருந்தன. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான்காவது போர்டுக்கு முன்னால் பெண்கள் கூட்டமாக நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதில் சிவப்பு டியூப் மாட்டிய கால். மஞ்சள் கிழிசல் எட்டிப்பார்க்கிறது. அடியில் கொட்டை எழுத்தில்: ‘படம் 6: தொழுநோயால் பாதிக்கப்பட்ட பாதம். ஆதாரம்: கள ஆய்வு, மரக்காணம்.’

பைண்டிங் கடையில் ஒட்டிய படம் மாறியிருந்தது. மேடையிலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது எங்கோ கேட்டது. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்து, “நீதானேம்மா வந்து படம் புடிச்ச புள்ள? நல்ல வேளை சொன்ன. இல்லாட்டி எங்களுக்கு எப்பிடித் தெரியும்” என்றார். அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா எங்கே என்று கேட்டேன். பாத்தியில இருக்குது என்று ஒருத்தி கையை நீட்டினாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினேன்.

அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அக்கா தனியாக நின்றிருந்தார். காலடியில் நிரம்பிய கூடை. தூக்கிவிட ஆள் இல்லை. நாற்பது அடி தள்ளி நாத்தனார் வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்து சுமந்துகொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று நாளாக இப்படித்தானாம். அக்கா தினமும் வந்து, கூடையை நிரப்பி, யாராவது வருவார்களா என்று நிற்பாராம். மேஸ்திரி, நாளையிலேர்ந்து வர வேணாம் என்று அன்று காலை சொல்லியிருந்தார்.

“நீயா பாப்பா” என்றார் என்னைப் பார்த்ததும். கோபப்படவில்லை. “எனக்கு அந்த வியாதி இருக்குதுன்னு அப்பவே உனக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா எங்கிட்ட முன்னாடி சொல்லியிருக்கலாம் இல்ல? போர்டுல போட்டுத்தான் சொல்லணுமா?” என்று கேட்டார்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு முழுசாக உறைத்தது. ஊர் நம்பியது மட்டும் இல்லை, அவரே நம்பியிருந்தார். மூன்று நாளாகத் தன் பிள்ளைகளைத் தொடாமல், சோற்றைத் தனியாக வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். அச்சில் வந்திருக்கிறதே, படித்த பெண் எழுதியிருக்கிறாளே என்று. நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, இல்லக்கா, படம் மாறிப்போச்சு, நான்தான் மாத்தி ஒட்டிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். மைக்கை வாங்கி, ஆறும் ஏழும் மாறிவிட்டது, இந்த அக்காவின் கால் உப்பில் வெடித்த கால், நோயுள்ள கால் அடுத்த போர்டில் இருப்பது என்று சொன்னேன். சொன்னதும் நிம்மதியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். கூட்டம் அடுத்த போர்டைப் பார்த்தது. பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. அப்புறம் கண்கள் கீழே போயின. எல்லாரும் பக்கத்தில் நிற்பவளின் காலைப் பார்த்தார்கள்.

ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள். “அப்ப அந்தக் காலு யாரோடது? இங்கதான எடுத்தேன்னு எழுதியிருக்குது. எங்கள்ல யாருக்கு இருக்குது, சொல்லிட்டுப் போ.”

போர்டில் இரண்டு படத்துக்கும் அடியில் ஒரே வரி இருந்தது. ஆதாரம்: கள ஆய்வு, மரக்காணம். சோம்பேறித்தனத்துக்கு நான் போடச்சொன்ன வரி. அதை வைத்துக்கொண்டு நான் எப்படி இல்லை என்பது? படம் மாறியது கைத்தவறு என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்த வரி தவறு இல்லை, பொய். “அது இங்க எடுத்தது இல்ல. நான் எடுத்ததே இல்ல. வேற ஒருத்தர் புஸ்தகத்துலேர்ந்து கேக்காம எடுத்துட்டேன். களத்துல எடுத்தேன்னு பொய் போட்டேன்” என்றேன். முகாம் நடத்தியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கட்டியிருந்த பட்டுப்புடவையை அங்கேயே அவிழ்த்து எறிந்துவிடலாம் போலிருந்தது.

அதற்குள் புதுச்சேரியிலிருந்து டாக்டரம்மா வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டு, அக்காவை எல்லார் முன்னாலும் நாற்காலியில் உட்காரவைத்து, பஞ்சாலும் ஊசியாலும் காலைத் தொட்டுத் தொட்டுச் சோதித்தார். தெரியுதா என்று கேட்டதற்கு, “தெரியாம இன்னா. உப்புல நிக்கிறப்பவே உசுரு போவுது” என்றார் அக்கா. டாக்டரம்மா கூட்டத்தைப் பார்த்து, இது உப்பு வெடிப்புதான் என்றார். அந்த நோயே இருந்தாலும் மாத்திரையில் குணமாகும், கூடை தூக்கிவிட்டால் எல்லாம் ஒட்டிக்காது, அதுக்காக யாரையும் ஒதுக்குறது மகா தப்பு என்று கண்டித்துச் சொன்னார். போர்டுகளை அப்போதே அவிழ்த்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மேஸ்திரி சரி வரட்டும் என்றதும் அக்கா பாத்திக்குத் திரும்பினார், யாரும் கூட வரவில்லை. நாத்தனாரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை, வீட்டில் கைக்குழந்தை இருந்தது. “முந்தாநாளு ஒண்ணு எழுதியிருந்துச்சு. இன்னிக்கு வேற சொல்ற. நாளைக்கு இன்னொண்ணு சொன்னா நான் யாரைக் கேக்கறது?” என்றார்.

திரும்பி வந்தபோது அக்கா கூடையைக் காட்டினார். “அவ வர்ற வரைக்கும் நீ புடி.”

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்தேன். அன்று மாலை வரை, மறுநாள், அதற்கு மறுநாள். நெல்லு மூட்டை பார்த்து வளர்ந்தவள்தானே, சுமந்துவிடலாம் என்று நினைத்தேன். உப்புக் கூடையின் ஈரம் கழுத்தில் வழிந்து எரியும். இரண்டு மாதம் நோட்டில் ‘எரிச்சல்’ என்று எழுதி, அட்டவணையில் எத்தனை பேருக்கு என்று எண் போட்டிருக்கிறேன். எரிச்சல் என்றால் என்ன என்று அந்த முதல் மாலைதான் தெரிந்தது. அக்கா என்னிடம் அதிகம் பேசவில்லை. இரண்டாம் நாள் காலை நான் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு சிவப்பு டியூப் வளையத்தை எடுத்து என் முன்னால் போட்டார். என் கால் அளவுக்குப் புதிதாக வெட்டியிருந்தார்.

மூன்றாம் நாள் மதியம். கூடையைத் தூக்கிவிடும்போது என் பிடி நழுவி, பாதி உப்பு அக்காவின் தோளில் கொட்டியது. பின்னாலிருந்து ஒரு கை என்னைத் தள்ளியது. நாத்தனார். “நவுரு அந்தாண்ட. மூணு நாளா பாக்கறேன், தூக்கத் தெரியல உனக்கு. அவ கழுத்த ஒடிச்சுடுவ போல இருக்குது” என்று திட்டிவிட்டு, கூடையின் ஓரத்தைப் பிடித்தார். கூடை பழையபடி பேச்சில்லாமல் தலைக்கு ஏறியது. நான் வரப்பில் நின்று, இரண்டு பேரும் மாறி மாறிப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “என் காலை எல்லாரும் பார்த்துட்டாங்க, இனிமே மன்னிச்சு இன்னா ஆவப்போவுது, போய்ப் படி” என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, “அந்த இன்னொரு காலு இருந்துச்சே பாப்பா, வெரலு மழுங்கினது. அது யாரோடது?” என்று கேட்டார்.

தெரியாதுக்கா என்றேன்.

“அதுக்கும் ஒரு பொம்பள இருப்பா இல்ல? எடுக்கச்சொல்லோ அவளும் மூஞ்சி வேணாம்னுதான் சொல்லியிருப்பா. அவ காலையும் இங்க கட்டித் தொங்கவிட்டு, ஊரே ஒரு மாதிரி பாத்துச்சு. அவளுக்குத் தெரியவே தெரியாது” என்றார். என் தவறால் மூன்று நாள் செத்துப் பிழைத்தவர் அவர். அவருக்கு வந்த யோசனை எனக்கு வரவில்லை. அந்தப் படத்தை நான் ஸ்டுடியோவில் திரும்ப எடுத்து, பசை தடவி ஐந்து தடவை ஒட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட அது ஒரு ஆளுடைய கால் என்று நினைத்ததில்லை.

மறுநாள் கல்லூரிக்குப் போய்க் கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அன்று நீ அளத்துலதான்னு சொன்னப்பவே நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்” என்று மட்டும் சொன்னார். என் ரிசல்ட்டை நிறுத்திவைத்தார்கள். பிழைத்திருத்தம் எழுதி எல்லாப் பிரதியிலும் ஒட்டி, மறுபடி தேர்வுக்குப் போனேன். ஒரு வருடம் தள்ளிப்போனது. வீட்டில் காரணம் சொல்ல நான் பட்ட பாடு தனிக்கதை.

அந்தக் கால் யாருடையது என்று தேடினேன். சீனியரின் ஆய்வேட்டில் படத்துக்கு அடியில் எதுவும் இல்லை. அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டால், ஏதோ ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்ததாக ஞாபகம், பேர் மறந்துவிட்டது என்றார். அதோடு வழி நின்றுபோனது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். எடுத்தது யார், எங்கே, யாரிடம் கேட்டு எடுத்தாய் என்று ஒவ்வொரு படத்துக்கும் குடைந்து எடுப்பேன். எனக்கும் பின்பெஞ்சில் ஏதோ பேர் வைத்திருப்பார்கள், தெரியும். என் அலமாரியில் அந்த ஆய்வேட்டின் ஒரு பிரதி இருக்கிறது. ஆறாம் படத்தின் அடியில் ‘கள ஆய்வு’ என்ற வரியை அடித்துவிட்டு, என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: ‘இந்தப் பாதம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்காமல் எடுத்தேன்.’ இத்தனை வருடத்தில் நான் எவ்வளவோ எழுதிவிட்டேன், ஆனால் முழுக்க உண்மையாக எழுதிய ஆதாரக் குறிப்பு அது ஒன்றுதான் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது.